மூடுபனிக்குள் பட்டம் விட்டவர்

வானிலை அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தமான மனிதர் ஜெஃப்ரி இங்ரம் டெய்லர். பல்கலைக்கழகத்தில் இயற்பியலோ பொறியியலோ பயிலும் மாணவர்கள் இந்தப் பெயரைப் பாடநூலில் எங்காவது பார்த்திருப்பார்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பலருக்கு இது புதிய பெயராக இருக்கலாம். ஆனால், அவர் இளமையில் விடை தேடிப் போன கேள்வி எல்லாருக்கும் புரியக்கூடியது. கடலோரத்தில் மூடுபனி ஏன் உண்டாகிறது? ஒரு நாள் கண்ணை மறைக்கும் அளவுக்கு வருவது, மறுநாள் ஏன் வருவதில்லை?

நான் சுங்கை வேயில் குடியிருக்கிறேன். மாலை நேரங்களில் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பகுதியிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக மேற்கே போனால் கிள்ளான். அதையும் தாண்டினால் கிள்ளான் துறைமுகமும் மலாக்கா நீரிணையும். கடல் இவ்வளவு அருகில் இருந்தும், கப்பல்கள் வழி தெரியாமல் திணறும் கடல் மூடுபனி நமக்குப் பழக்கமில்லை. நம் வானம் நாள் முழுக்க வெளுத்துக் கிடந்தால் அது பெரும்பாலும் புகைமூட்டம்தான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்க, இங்கே ஏன் ஒன்று மட்டும் வருகிறது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லப் புகும்போதெல்லாம் நான் டெய்லரின் வாழ்க்கையையும் சேர்த்தே சொல்கிறேன். விடை அந்த வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது.

படுக்கையறையில் ஒரு படகு

டெய்லர் 1886 மார்ச் 7-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை எட்வர்ட் இங்ரம் டெய்லர் ஓர் ஓவியர். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பெரிய பயணிகள் கப்பல்களின் கூடங்களுக்கு அலங்கார வேலைப்பாடுகளை வடிவமைத்தவர். தாயார் மார்கரெட், கணித மேதை ஜார்ஜ் பூலின் மகள். உண்மை, பொய் என்னும் இரண்டே மதிப்புகளைக் கொண்டு தருக்கத்தைக் கணிதமாக்கியவர் பூல். இன்றைய கணினிகளின் அடிப்படை அதுதான். சுங்கை வே தடையற்ற வாணிப மண்டலத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளில் நம் குடும்பத்துப் பெண்கள் எத்தனையோ பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கையில் பிடித்த ஒவ்வொரு சில்லுக்குள்ளும் டெய்லருடைய தாத்தாவின் தருக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டி வழியில் இன்னொரு தொடர்பு, தமிழ்நாட்டு மண்ணைத் தொடுகிறது. பூலின் மனைவி மேரி, ஜார்ஜ் எவரெஸ்ட்டின் உறவுமுறை மகள். இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவைப் பணி 1802-இல் சென்னை பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்ப்டனால் தொடங்கப்பட்டது. லாம்ப்டனுக்குப் பின் அதை ஏற்று வடக்கே இமயமலை நோக்கிக் கொண்டுசென்றவர் இந்த எவரெஸ்ட்தான். உலகின் மிக உயர்ந்த சிகரம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அளந்து பார்த்த பிறகே பேசுவது என்னும் வழக்கம் டெய்லருக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தது போலும்.

11 வயதில் லண்டன் ராயல் கழகத்தில் சிறுவர்களுக்காக நடைபெற்ற கிறிஸ்துமஸ் கால அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். தாமும் ஓர் அறிவியலாளராக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே மனத்தில் விழுந்துவிட்டது. அறிவியலுக்கு இணையாக அவரை ஈர்த்தது கடல். பள்ளி நாள்களில் தம் படுக்கையறையிலேயே ஒரு சிறு பாய்மரப் படகைக் கட்டி, பின்னர் அதைத் தேம்ஸ் ஆற்றில் மிதக்கவிட்டார். படகும் காற்றும் நீரும் அவரைக் கடைசிவரை விடவில்லை.

1905-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் பயின்றார். 1909-இல் வெளிவந்த அவருடைய முதல் ஆய்வு ஒளியைப் பற்றியது. ஒரு மைல் தூரத்துக்கு அப்பால் எரியும் மெழுகுவத்தியின் அளவுக்கு மங்கிய ஒளியை ஓர் ஊசியின் மேல் விழச்செய்து, அதன் நிழலைப் படத்தட்டில் பதிவுசெய்தார். மிக மங்கிய ஒளிக்குப் படம் பதிய ஏறத்தாழ 3 மாதங்கள் ஆயின. கருவி தானாக வேலை செய்துகொண்டிருக்க, டெய்லர் பாய்மரப் படகில் உலாப் போய்விட்டார். பொறுமை தேவைப்படும் இடத்தில் தாம் காத்திருக்காமல் கருவியைக் காத்திருக்கச் செய்தார்.

1911-இல் அவருக்குக் கேம்பிரிட்ஜில் வானிலை இயக்கவியல் துறையில் ஆசிரியர் பதவி கிடைத்தது. வானிலை அவருக்கு அதுவரை அறிமுகமில்லாத துறை. புத்தகங்களைப் புரட்டியதோடு நிற்காமல் திறந்தவெளிக்குப் போய்த் தரையை ஒட்டிய காற்று எப்படிக் குதித்துக் குழம்புகிறது என்பதை அளக்கத் தொடங்கினார். அந்த வேளையில்தான் உலகையே உலுக்கிய விபத்து நிகழ்ந்தது.

டைட்டானிக்கும் ஸ்கோஷியாவும்

1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. மறுநாள் விடிவதற்குள் கப்பல் மூழ்கி, 1,500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று இரவு மூடுபனி இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தது, நிலவு இல்லை, கடல் அலையின்றிக் கிடந்தது. அவ்வளவு தெளிந்த இரவிலேயே பனிப்பாறையை நேரத்தோடு காண முடியவில்லை என்றால், அதே கடல்வழியில் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? கப்பல் நிறுவனங்களும் அரசுகளும் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியதாயிற்று. கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்தை அடுத்த அந்தக் கடற்பகுதி, உலகில் மூடுபனி மிகுந்த இடங்களுள் ஒன்று.

1913-இல் பனிப்பாறைகளைக் கண்காணித்துக் கம்பியில்லாத் தந்தி வழியாகக் கப்பல்களை எச்சரிக்க ஸ்கோஷியா என்னும் கப்பல் அங்கே அனுப்பப்பட்டது. அது ஒரு பழைய மரக்கப்பல். 1902 முதல் 1904 வரை ஸ்காட்லாந்து ஆய்வுக் குழுவைத் தென்துருவக் கடலுக்குக் கொண்டுசென்று திரும்பிய கப்பலும் அதுவே. அதில் வானிலை ஆய்வாளராகப் பயணம் செய்தவர் டெய்லர். அப்போது அவருக்கு வயது 27. தந்தை அலங்கரித்த கப்பல்கள் போன்றவை போகும் வழியைக் காக்கும் பணியில் மகன் இறங்கியிருந்தார்.

பனிப்பாறையைத் தேடுவது மற்றவர்களின் வேலை. காற்றைத் தேடுவது டெய்லரின் வேலை. கப்பலின் தளத்திலிருந்து பெரிய பெட்டிப் பட்டங்களை நீண்ட கம்பியில் மேலே ஏற்றினார். நம் கிளந்தான் வாவ் பட்டத்தைப் போல் அழகுக்காகப் பறந்தவை அல்ல அவை. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றைத் தானாகவே கோடுகளாக வரைந்துகொள்ளும் கருவி அவற்றோடு சென்றது. காற்று போதாத நாளில்கூடக் கப்பல் ஓடும் வேகத்திலேயே பட்டத்தை ஏற்றிவிடலாம் என்பது கடலில் கிடைத்த வசதி.

கடல் மூடுபனி பிறக்கும் விதம்

அங்கே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, காற்றைப் பற்றிய ஓர் எளிய உண்மை போதும். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம். 10 பாகையில் 9 கிராம். 0 பாகையில் 5 கிராமுக்கும் குறைவு. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதற்குமேல் நீராவியைத் தாங்க முடியாமல் நீர்த்துளிகள் தோன்றும். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். மாமாக் கடையில் ஐஸ் போட்ட மைலோ கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். கோப்பையைத் தொட்ட காற்று தன் பனிநிலைக்குக் கீழே போய்விட்டது.

நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அந்தக் கோப்பையின் வேலையைக் கடலே செய்கிறது. தெற்கிலிருந்து வளைகுடா நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவருகிறது. வடக்கிலிருந்து லாப்ரடார் நீரோட்டம் பனிக்கடலின் குளிர்ந்த நீரையும் பனிப்பாறைகளையும் சுமந்துகொண்டு இறங்குகிறது. வெப்ப நீருக்கும் குளிர் நீருக்கும் இடையே அதிக தூரம் கிடையாது. வசந்தத்திலும் கோடையிலும் தெற்குக் காற்று வீசும்போது, வெப்ப நீரின் மேல் ஈரம் குடித்து வந்த காற்று, குளிர்ந்த நீரின் மேல் நுழைகிறது. கீழிருந்து குளிர்கிறது. பனிநிலையைத் தாண்டியதும் மூடுபனியாகிறது.

அடர்ந்த மூடுபனிக்குக்கூட மிகக் குறைந்த நீரே தேவை. ஒரு கன மீட்டர் காற்றில் அரை கிராமுக்கும் குறைவான நீர், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகச் சிதறி நின்றால் போதும். எதிரே வரும் கப்பல் மறைந்துவிடும். கண்பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் அதை மூடுபனி என்று வானிலையாளர்கள் பதிவு செய்கிறார்கள். அதற்கு மேல் என்றால் மென்பனி.

ஆகவே, கடல் மூடுபனிக்கு வேண்டியவற்றை நான் என் மாணவர்களுக்கு நான்காகப் பிரித்துச் சொல்வதுண்டு. முதலாவது, ஈரம் மிகுந்த காற்று. இரண்டாவது, அந்தக் காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்த கடல் மேற்பரப்பு. மூன்றாவது, ஈரக் காற்றைக் குளிர்ந்த கடலுக்குத் தொடர்ந்து கொண்டுவந்து சேர்க்கும் ஒரே சீரான காற்றோட்டம். நான்காவது, குளிர்ந்த காற்றைக் கீழேயே பிடித்துவைக்கும் ஒரு மூடி. நீராவி ஒட்டிக்கொள்ள உப்புத் துகள்களும் வேண்டும். கடற்காற்றில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கோடையில் மூடுபனிக்குள் மூழ்குவதும், ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலைவனக் கரையில் மழையே இல்லாமல் மூடுபனி மட்டும் வருவதும் இந்தக் கணக்கின்படிதான். இரண்டு கரைகளிலும் கடல்நீர் குளிர்ந்தது.

பட்டம் சொன்ன பழங்கதை

நான்காவதாகச் சொன்ன மூடிதான் டெய்லரின் கண்ணில் பட்டது. மேலே போகப் போக வெப்பநிலை குறைவதே வழக்கம். கெந்திங் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது நாமே அதை உணர்கிறோம். ஸ்கோஷியாவின் பட்டங்கள் கொண்டுவந்த கோடுகளோ பல நாள்களில் எதிர்த்திசையில் போயின. கடலை ஒட்டிய காற்று குளிர்ந்திருந்தது. மேலே ஏற ஏற வெப்பம் கூடியது. ஓர் உயரத்துக்குப் பிறகுதான் வழக்கம்போலக் குறையத் தொடங்கியது. கனமான குளிர்காற்று கீழேயும் லேசான வெப்பக்காற்று மேலேயும் இருந்தால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. பானையை மூடிவைத்ததுபோல மூடுபனி உள்ளேயே தங்கிவிடுகிறது.

வேறொருவராக இருந்தால் இதைக் குறித்துக்கொண்டு நகர்ந்திருப்பார். டெய்லர் அந்தக் கோடு திரும்பும் உயரத்தைப் பற்றி யோசித்தார். அப்பகுதியில் சென்ற மற்றக் கப்பல்கள் பதிந்துவைத்திருந்த காற்றின் திசையையும் கடலின் வெப்பநிலையையும் திரட்டினார். பட்டம் அளந்த காற்று, முந்திய நாள்களில் எந்தெந்தக் கடற்பரப்பின் மேல் பயணம் செய்து வந்தது என்பதை வரைபடத்தில் பின்னோக்கித் தேடிப் பார்த்தார். காற்று எவ்வளவு நேரத்துக்கு முன் வெப்ப நீரை விட்டுக் குளிர்ந்த நீருக்கு வந்ததோ, அதற்கேற்பவே கோடு திரும்பும் உயரமும் இருந்தது. குளிர்ச்சி கடலிலிருந்து சிறிது சிறிதாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அப்படியானால், பட்டம் வரைந்த கோடு அந்தக் காற்றின் பயணக் குறிப்பு!

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. குளிர்ச்சி எதன் வழியாக மேலே ஏறுகிறது? அசையாத காற்றில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்து வெப்பத்தைக் கடத்தும் முறை மட்டும் இருந்தால், ஒரு முழு நாளில் குளிர்ச்சி ஓரிரு மீட்டர் உயரந்தான் எட்டும். பட்டங்கள் காட்டியதோ நூற்றுக்கணக்கான மீட்டர். ஆகவே காற்றைக் கலக்குவது வேறொன்று. காற்று நேர்க்கோட்டில் வீசுவதுபோல் தோன்றினாலும் அதற்குள் பெரிதும் சிறிதுமாக எண்ணற்ற சுழல்கள் உருண்டுகொண்டே இருக்கின்றன. அவை மேற்காற்றைக் கீழேயும் கீழ்க்காற்றை மேலேயும் மாற்றிப் போடுகின்றன. இந்தச் சுழல்களின் கலக்கும் ஆற்றல், மூலக்கூறுகளின் ஆற்றலைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது என்பதை ஸ்கோஷியாவின் அளவீடுகளைக் கொண்டே டெய்லர் கணக்கிட்டார். வளிமண்டலச் சுழல் இயக்கம் பற்றிய அந்த ஆய்வுக் கட்டுரை 1915-இல் வெளிவந்தது. மூடுபனியும் மென்பனியும் உருவாகும் விதத்தைப் பற்றித் தனியாகவே 1917-இல் எழுதினார்.

இன்று கொந்தளிப்பு ஓட்டம் என்று பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் பெரும் துறையின் அடிக்கற்களுள் ஒன்று, மூடுபனிக்குள் நின்ற ஒரு மரக்கப்பலில் இப்படித்தான் விழுந்தது.

நம் கடலில் ஏன் இல்லை?

இப்போது சுங்கை வேக்குத் திரும்புவோம். நான்கு நிபந்தனைகளையும் மலாக்கா நீரிணைக்குப் பொருத்திப் பாருங்கள். ஈரக் காற்று இருக்கிறதா? வேண்டிய மட்டும் இருக்கிறது. குளிர்ந்த கடல்? அதுதான் இல்லை. நீரிணையின் மேற்பரப்பு நீர் ஆண்டு முழுவதும் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பில் இருக்கிறது. நம் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24, 25 பாகையை ஒட்டியே நிற்கிறது. கடல் காற்றைப் பனிநிலைக்குக் கீழே கொண்டுபோக வழியே இல்லை. கடல் நம் காற்றுக்கு அடுப்பாக இருக்கிறதே தவிர, ஐஸ் கோப்பையாக இல்லை.

அப்படியென்றால் மாலையில் மழை பெய்து ஓய்ந்து, இரவில் வானம் தெளிந்த பிறகு, அதிகாலையில் திடலின் மேலும் ஈயக் குட்டைகளின் ஓரத்திலும் வெள்ளையாகப் படர்ந்திருப்பது என்ன? அதுவும் மூடுபனிதான், ஆனால் பிறப்பு வேறு. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக் காற்றும் உடன் குளிர்ந்து பனிநிலையைத் தொடுகிறது. காலை வெயில் ஏறித் தரை சூடானதும் அது கலைந்துவிடும். சென்னையின் கடலோரத்தில் சனவரி மாதக் காலைகளில் காணும் மூடுபனியும் இவ்வகைதான். கடல் ஈரத்தைத் தருகிறது, நிலம் குளிர்ச்சியைத் தருகிறது. போகியன்று பழைய பொருள்களை எரிக்கும் புகையும் அதோடு சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானச் சேவைகள் தடைபட்டதற்கு இந்தக் கூட்டுதான் காரணம்.

புகைமூட்டம் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது நீர்த்துளியன்று, எரிந்த காட்டின், எரிந்த கரிமண்ணின் நுண்துகள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் வறண்ட மாதங்களில் சுமத்ராவில் எரியும் தீயின் புகையைக் காற்று நீரிணைக்கு இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. வெயில் ஏறினாலும் அது கலைவதில்லை. 2005 ஆகஸ்டில் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியபோது கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். மூடுபனிக்குள் ஓடிப் பயிற்சி செய்யலாம். புகைமூட்டத்துக்குள் ஓடினால் ஒவ்வொரு மூச்சும் நுரையீரலுக்குக் கேடு. பார்க்க ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்தறிவது தேர்வுக்கு மட்டும் உரிய விஷயமில்லை என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இருந்தாலும், இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. புகை எவ்வளவு தூரம் பரவும், எவ்வளவு உயரம் கலக்கும், எங்கே தேங்கும் என்பதையும் காற்றின் சுழல்களும் அந்த வெப்ப மூடியுமே தீர்மானிக்கின்றன. குழம்பும் காற்றில் ஒரு துகள் எப்படி விலகிப் போகிறது என்பதை டெய்லர் 1921-இல் கணிதமாக எழுதினார். தொழிற்சாலைப் புகைபோக்கியின் புகை ஊருக்குள் எப்படி இறங்கும் என்று கணிக்கும் முறைகள் அந்தக் கணிதத்தின் வழி வந்தவை. வடஅட்லாண்டிக் மூடுபனியில் தொடங்கிய ஆராய்ச்சி, நம் ஊர்ப் புகையையும் புரிந்துகொள்ள உதவுகிறது.

ஒரே இடத்தில் நிற்காதவர்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும் டெய்லர் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்கூடத்தில் சேர்ந்தார். இறக்கையின் மேல் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பறக்கும்போதே அளக்க விரும்பி, விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். வான்குடையில் குதித்தும் பார்த்தார். போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் திரும்பினார். 1923 முதல் ராயல் சொசைட்டியின் ஆய்வுப் பேராசிரியர் பதவி, பாடம் நடத்தும் கடமையின்றி ஆராய்ச்சியில் மட்டும் ஈடுபட அவருக்கு வழிசெய்தது.

1925-இல் ஆசிரியையான ஸ்டெஃபனியை மணந்தார். இருவரும் பாய்மரப் படகிலேயே 1927-இல் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் வரை சென்று திரும்பினார்கள். பயணங்களில் கனமான நங்கூரத்தை இழுப்பது பெரும் தொல்லையாக இருந்தது. எடை குறைவாகவும் பிடிப்பு அதிகமாகவும் இருக்க என்ன வடிவம் வேண்டும் என்று யோசித்து, ஏர்க்கொழு வடிவில் ஒரு நங்கூரத்தை 1933-இல் உருவாக்கினார். அவ்வகை நங்கூரம் இன்றும் உலகெங்கும் படகுகளில் பயன்படுகிறது. உலோகம் ஏன் உடையாமல் வளைகிறது என்பதைப் படிக அமைப்பின் குறைபாடுகளைக் கொண்டு 1934-இல் விளக்கினார். அதே ஆண்டில் ஒரோவான், போலானி ஆகிய இருவரும் தனித்தனியே அதே முடிவுக்கு வந்திருந்தனர்.

அவர் அறிவின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில், மாபெரும் வெடிப்பின் அதிர்வலை எப்படிப் பரவும் என்பதைக் கணக்கிட்டுத் தரும்படி அரசு அவரைக் கேட்டது. 1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டபோது நேரில் பார்த்தவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் வெளியான வெடிப்புப் படங்களில் தீக்கோளத்தின் அளவையும் அருகில் குறித்திருந்த நேரத்தையும் மட்டும் கொண்டு, குண்டின் ஆற்றல் சுமார் 17 கிலோடன் என்று கணித்து 1950-இல் வெளியிட்டார். கப்பல் பயணிகளைக் காக்கப் பட்டம் விட்ட அதே கணிதத் திறமை இங்கே வேறொரு பணிக்குப் பயன்பட்டது. கல்வி எதற்குப் பயன்படும் என்பதை முன்கூட்டியே நாம் முடிவுசெய்ய முடியாது. பயன்படும் இடத்தில் நாம் விழிப்போடு இருக்கலாம். என் மாணவர்களோடு இதைப் பற்றி நீண்ட நேரம் விவாதித்திருக்கிறேன். எல்லாரும் ஒரே கருத்துக்கு வந்ததில்லை.

1944-இல் அவருக்கு சர் பட்டமும் ராயல் சொசைட்டியின் மிக உயரிய கோப்லி பதக்கமும் கிடைத்தன. நோபல் பரிசு கிடைக்கவில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகும் சோதனைக் கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. நுண்ணுயிர்கள் நீருக்குள் எப்படி நீந்துகின்றன என்பதை 65 வயதில் ஆராய்ந்தார். எண்பது வயதை எட்டிய நிலையிலும், கெட்டியான பாகு போன்ற திரவங்களில் தாமே சோதனைகள் செய்துகாட்டிய கல்விப் படம் ஒன்றில் தோன்றினார். இணையத்தில் அதை இன்றும் காணலாம். கல்லூரி மாணவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 1972-இல் பக்கவாதம் தாக்கும்வரை உழைத்தவர், 1975 ஜூன் 27-இல் கேம்பிரிட்ஜில் காலமானார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் 4 பெருந்தொகுதிகளாக அச்சில் உள்ளன.

மாணவர்களுக்கு ஒரு வேலை

டெய்லர் பயன்படுத்திய கருவிகள் பல எளியவை. ஸ்கோஷியாவில் அவருக்குக் கிடைத்தவை பட்டம், கம்பி, தானாகக் கோடு வரையும் ஒரு பெட்டி, மற்றக் கப்பல்களின் குறிப்பேடுகள். மூடுபனி விலகட்டும், பிறகு வேலை செய்யலாம் என்று அவர் இருக்கவில்லை. கண்ணை மறைத்த அதே மூடுபனி, காற்று வந்த வழியைச் சொல்லக்கூடியது என்பதைக் கண்டுகொண்டார். வெள்ளையாகத் தெரிகிறது என்பதோடு நிற்காமல், எங்கிருந்து வந்தது, எதன் மேல் வந்தது, எவ்வளவு நேரம் வந்தது என்று கேட்டார். மூடுபனியாக இருந்தாலும் புகைமூட்டமாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் சுங்கை வேயிலிருந்து அதிக தூரமில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஜாலான் சுல்தானில்தான் இருக்கிறது. அதன் அகப்பக்கத்தில் வெப்பநிலையும் காற்றின் திசையும் எல்லாருக்கும் கிடைக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம், நாள்தோறும் காலை 7 மணிக்கு உங்கள் வீட்டிலிருந்து தெரியும் மிகத் தொலைவான கட்டடம் எது என்பதை எழுதுங்கள். முந்திய மாலை மழை பெய்ததா, இரவில் வானம் தெளிந்திருந்ததா, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, புகை வாடை அடித்ததா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். வெள்ளை மறைப்பு 9 மணிக்குள் கலைந்ததா, நண்பகலிலும் நின்றதா என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

மாத இறுதியில் அந்தப் பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த நாள் பனி, எந்த நாள் புகை என்பதை உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியும். எழுதியதைப் பள்ளி அறிவியல் கழகத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று பேர் வெவ்வேறு தாமான்களிலிருந்து எழுதினால் இன்னும் நல்லது. பல கப்பல்களின் குறிப்புகளைச் சேர்த்துத்தான் டெய்லரும் ஒரு காற்றின் வழியைக் கண்டுபிடித்தார்.